தண்டனையாகும் டி.சி., ஏணியாகும் டி.சி.

தென்மாவட்டங்களில் 'டி.சி.' என்பது மிரட்டும் சொல். கையில் சாதிக் கயிறு கட்டி வந்த பையனைத் தலைமையாசிரியர் அறைக்குள் நிறுத்தி வைத்துச் சொல்வார்கள்: "டி.சி.யைக் கிழிச்சுக் கொடுத்துருவேன்." வகுப்பில் அடிதடி ஆனபின் பிள்ளையை உயிரோடு வைத்திருந்தால் போதும் என்று வேறு ஊர்ப் பள்ளியில் சேர்க்க ஓடும் தாய் வாங்குவதும் டி.சி.தான். கட்டண பாக்கிக்காகச் சில தனியார் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்வதும் அதே டி.சி. மாற்றுச் சான்றிதழ் என்பது அதன் தமிழ்ப் பெயர். ஆனால் ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அது பெரும்பாலும் ஓர் இடத்திலிருந்து துரத்தப்பட்டதற்கான சான்று. மேலான இடத்துக்குப் போவதற்காக மகிழ்ச்சியோடு டி.சி. வாங்கிய கதைகள் நம் தெருக்களில் குறைவு.

உலகின் வேறு சில இடங்களில் இதே மாறுதல் மேலேறும் வழி. வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கல்லூரியில் இரண்டாண்டு இயற்பியல் படிக்கலாம். அந்த இரண்டாண்டில் எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்று சேரும்போதே திட்டமிடலாம். மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறி, பட்டம் முடித்து, ஆய்வு வரை போகலாம். முதலிரண்டு ஆண்டில் படித்ததைப் புதிய இடம் செல்லாக்காசாக்காது.

இப்போது ஒன்றிய அரசும் இதே மொழியில் பேசுகிறது. இரண்டாண்டு படித்தால் டிப்ளமோ, எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், திரும்ப வரலாம், இடம் மாறலாம் என்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. சங்கரன்கோவில் பக்கத்து விசைத்தறித் தொழிலாளியின் மகள் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டு முடிவில் அவளுக்குக் கிடைக்கப் போவது எந்த டி.சி.? துரத்தும் டி.சி.யா, ஏற்றிவிடும் டி.சி.யா?

80 கிரெடிட்டுக்கு என்ன கிடைக்கும்?

2020 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை ஏற்ற தேசியக் கல்விக் கொள்கை, பட்டப்படிப்பில் பல வாசல்களைத் திறந்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு அதற்கு எண்களைக் கொடுத்தது. முதலாண்டில் 40 கிரெடிட் பெற்று வெளியேறினால் சான்றிதழ். இரண்டாண்டில் 80 பெற்று வெளியேறினால் டிப்ளமோ. 120 என்றால் மூன்றாண்டுப் பட்டம், 160 என்றால் நான்காண்டு ஆனர்ஸ். இடையில் வெளியேறுபவர் கோடை விடுமுறையில் 4 கிரெடிட்டுக்கு ஒரு தொழிற்பாடத்தையும் முடிக்க வேண்டும். வெளியேறியவர் மூன்றாண்டுக்குள் திரும்பலாம். மொத்தப் படிப்பையும் ஏழாண்டுக்குள் முடிக்க வேண்டும்.

பாதியில் போகிறவர் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு போக வேண்டும் என்ற அந்த 4 கிரெடிட்டைக் கவனியுங்கள். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்றது. தமிழ்நாடு அதைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி அழைத்தது. 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் யார் பாதியில் போவார்கள், போகிறவருக்கு எது போதும் என்ற கணக்கில் இரண்டுக்கும் உறவு இருக்கிறது.

இந்த டிப்ளமோவால் என்ன பயன் என்று கேட்டால் பதில் சொல்லத் தடுமாற வேண்டியிருக்கும். குரூப் 2 தேர்வு எழுதப் பட்டம் வேண்டும். பி.எட். சேரப் பட்டம் வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். 'இரண்டாண்டு இயற்பியல்' என்ற தகுதியைக் கேட்டு விளம்பரம் வெளியிடும் வேலை எது? பாலிடெக்னிக் டிப்ளமோவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது முழுமையான படிப்பு. இது முடியாத படிப்புக்கு ஒட்டப்படும் பெயர்.

"ஒன்றும் இல்லாமல் நிற்பதைவிட ஒரு சான்றாவது இருப்பது நல்லதுதானே" என்று நியாயமான தோழர்களும் கேட்கிறார்கள். கையில் காகிதம் இருப்பதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் வாசல் திறந்திருந்தால் யாரை முதலில் வெளியே அனுப்புவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்க இதுவரை கொஞ்சம் கூச்சம் இருந்தது. இனி "டிப்ளமோ முடிச்சிட்டா" என்று பத்திரிகையிலேயே அச்சடிக்கலாம். திரும்பி வர மூன்றாண்டு அவகாசமாம். அந்த மூன்றாண்டில் கடனும் தறிக்கூலியும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்துவிடும். எந்தக் கிரெடிட் வங்கியும் அவற்றைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரான தர்க்கத்தில் இயங்கும் ஒரு திட்டமும் நம் கண்முன் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. இடைநிற்றல் இல்லாமல் படிப்பை முடிக்கும் வரை தருகிறது. தொகை சிறியது, விமர்சனங்கள் உண்டு. ஆனாலும் படிப்பில் நிற்பதற்குத் துணை செய்வது ஒரு கொள்கை, போவதற்கு வழிவிடுவது இன்னொரு கொள்கை.

19ஆம் நூற்றாண்டோடு நிற்கும் இயற்பியல்

இயற்பியலில் இந்த வெளியேறும் வாசலுக்குத் தனியாக ஒரு கொடுமை உண்டு. நம் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். முதலிரண்டு ஆண்டில் பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், இயந்திரவியல், ஒளியியல் ஆகியவை பெரும்பாலும் வரும். கூடவே அலைடு கணிதம், அலைடு வேதியியல். மின்காந்தவியல் சில இடங்களில் இரண்டாம் ஆண்டில் வரும், சில இடங்களில் மூன்றாம் ஆண்டுக்குப் போகும். சார்பியல், குவாண்டம் இயந்திரவியல், அணுக்கரு இயற்பியல், திண்மநிலை இயற்பியல் எல்லாம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில்தான்.

அதாவது நியூட்டனில் தொடங்கி 19ஆம் நூற்றாண்டின் விளிம்பு வரை நடந்து வந்தபின், "இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்" என்கிறது இந்தக் கொள்கை. பிளாங்க், ஐன்ஸ்டைன், ஷ்ரோடிங்கர் எல்லாம் அடுத்த நிறுத்தத்தில் இருக்கிறார்கள். கையில் இருக்கும் செல்பேசி எப்படி வேலை செய்கிறது, அணு உலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கான இயற்பியல் அங்கேதான் இருக்கிறது.

இது வெறும் பாடத்திட்டப் பிரச்சினை இல்லை. கூடங்குளம் அணு உலை நம் பக்கத்தில். மகேந்திரகிரியின் ராக்கெட் எந்திரச் சோதனை வளாகம் நம் பக்கத்தில். குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இயற்பியல் நம் நிலத்தைத் தேடி வருகிறது. நாம் அதன் உள்ளே போவது எப்போது? கூடங்குளத்தை எதிர்த்துக் கடற்கரையில் உட்கார்ந்த மக்களிடம் 'உங்களுக்கு அறிவியல் தெரியாது' என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அணு உலையை ஆதரிப்பவராக இருந்தாலும் எதிர்ப்பவராக இருந்தாலும், அதன் இயற்பியலைக் கற்று வாதாடும் ஆள் நம் தெருவிலிருந்து வர வேண்டும்.

மேக்நாத் சாகாவின் இரண்டு மாறுதல்கள்

இந்திய இயற்பியலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று மேக்நாத் சாகா. விண்மீன்களின் ஒளியைப் பார்த்து அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் அயனியாக்கச் சமன்பாட்டை 1920இல் தந்தவர். 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு சிறிய கிராமத்தில், வங்கத்தில் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த வணிகச் சாதி ஒன்றில், சில்லறைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். கிராமத்தில் மேற்கொண்டு படிக்கப் பள்ளி இல்லை. வேறு ஊரில் ஒரு மருத்துவர் தம் வீட்டில் தங்க இடம் கொடுத்தார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நிபந்தனை.

சாகாவின் வாழ்க்கையில் இரண்டு மாறுதல்கள் உண்டு. முதலாவது தண்டனை. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து ஆளுநரின் வருகையைப் புறக்கணித்த மாணவர்களில் ஒருவர் என்பதால் டாக்கா காலேஜியேட் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார், உதவித்தொகையும் போனது. ஒரு தனியார் பள்ளி சேர்த்துக்கொண்டதால் படிப்பு தப்பியது.

இரண்டாவதுதான் நாம் பேசும் மாறுதல். 1909 முதல் 1911 வரை டாக்கா கல்லூரியில் இரண்டாண்டு இண்டர்மீடியட் அறிவியல் படித்தார். பிறகு கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு மாறினார். அந்த இரண்டாண்டில் கணிதம், அறிவியல் தாள்களோடு கூடுதல் பாடமாக ஜெர்மன் மொழியையும் எடுத்துக்கொண்டார். அன்றைய டாக்காவில் ஒரு கிராமத்துக் கடைக்காரர் மகனுக்கு ஜெர்மன் எதற்கு என்று யாரும் சிரித்திருக்கலாம். ஆனால் புதிய இயற்பியல் அன்று ஜெர்மன் மொழியில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அந்த மொழி தெரிந்ததால்தான் சாகாவும் சத்யேந்திரநாத் போசும் சேர்ந்து ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1920இல் கல்கத்தாவில் நூலாகக் கொண்டுவர முடிந்தது. விண்மீன் வாயுக்களைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் எக்கர்ட் 1919இல் எழுதிய கட்டுரையைப் படித்ததுதான் சாகாவை அவரது சமன்பாட்டுக்கு இட்டுச் சென்றது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சாகாவின் பட்டங்கள் கணிதத்தில் பெற்றவை. இயற்பியலுக்கு அவர் பின்னால்தான் வந்தார்.

முதலிரண்டு ஆண்டில் எடுக்கும் பாடம் பத்தாண்டு கழித்துத் திறக்கும் கதவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

ஆனால் இதைத் தனிமனித முயற்சிக் கதையாகச் சொல்லி முடித்துவிடக் கூடாது. கல்கத்தாவில் அவர் தங்கிய ஈடன் இந்து விடுதியில், உயர்சாதி மாணவர்கள் அவரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட மறுத்தார்கள். சரஸ்வதி பூசையிலும் அவரைச் சேர்க்கவில்லை. தாள்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவருக்கும் சாப்பாட்டு மேசையில் இடம் கிடைக்கவில்லை.

இது நூறாண்டுக்கு முந்தைய வங்கத்தோடு முடிந்துவிட்டதா? 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில், தின்பண்டம் வாங்க வந்த தலித் குழந்தைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லிக் கடைக்காரர் திருப்பி அனுப்பிய காணொளியை நாடே பார்த்தது. வழக்குப் பதிவானது, கைதும் நடந்தது. மாணவருக்கு இடம் மாற வழி செய்வது மட்டும் போதாது. போய்ச் சேரும் இடத்தில் அவர் மனிதராக நடத்தப்படுவாரா என்பதும் கல்வித் திட்டத்தின் பகுதி.

பாலம் கட்டுவது எப்படி?

ஆயிரத்தில் ஒரு சாகாவை நம்பி ஒரு சமூகம் இருக்க முடியாது. சாதாரணப் பிள்ளைகள் ஏறும் படி வேண்டும். அமெரிக்காவில் இரண்டு மாதிரிகளைப் பார்க்கலாம்.

கலிஃபோர்னியா மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரிகள் ஏராளம். 2010இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட துறையில் வரையறுத்த பாடங்களை இரண்டாண்டில் முடித்து 60 யூனிட் பெற்றவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாம் ஆண்டு மாணவராக இடம் உறுதி. இயற்பியலுக்கான பட்டியல் தெளிவானது. கால்குலஸ் வழி இயற்பியல் மூன்று பருவம், கால்குலஸ் மூன்று பருவம். கால்குலஸ் சங்கிலி போன்றது, முதல் தாளை முடிக்காமல் இரண்டாவதை எடுக்க முடியாது. கால்குலஸ் தெரிந்தால்தான் இயற்பியல் தாள் புரியும். முதல் பருவத்தில் கணிதத்தைத் தள்ளிப்போட்டால் எல்லாமே தள்ளிப்போகும். அதனால்தான் அங்கே சேரும் முன்பே திட்டம் போடச் சொல்கிறார்கள். எந்தக் கல்லூரியின் எந்தத் தாளை எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்ற பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அதையும் சொர்க்கமாகக் காட்ட வேண்டியதில்லை. மாறும் கனவோடு சேருபவர்களில் பெரும்பான்மையோர் அங்கும் நான்காண்டுப் பட்டம் வரை போய்ச் சேருவதில்லை. கறுப்பின, லத்தீன் மாணவர்கள்தான் அதிகம் உதிர்கிறார்கள்.

இரண்டாவது மாதிரி நமக்கு இன்னும் நெருக்கமானது. டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1866இல் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதே நகரில் வசதி படைத்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 2004இல் இரண்டும் சேர்ந்து ஒரு பாலத் திட்டத்தைத் தொடங்கின. இளநிலையில் எதை விட்டார், எந்தக் கணிதம் பலவீனம் என்று ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண் பட்டியலையும் பார்த்து அவருக்கென்று பாடத்திட்டம் வகுக்கிறார்கள். ஃபிஸ்க்கில் இரண்டாண்டு முதுகலை படிக்கும்போதே வாண்டர்பில்ட்டின் முனைவர் பட்டப் பாடத்தையும் எடுத்து, "என்னால் முடியும்" என்று நிரூபிக்கிறார்கள். அங்குள்ள ஆய்வகத்திலும் வேலை செய்கிறார்கள். மாணவர் புதிய இடத்துக்குப் போகும்போது அங்கே அவரை ஏற்கெனவே தெரிந்த ஆட்கள் இருப்பார்கள். 2012இல் அமெரிக்க இயற்பியல் கழகமே இதைப் போன்ற பாலத் திட்டத்தை நாடளாவத் தொடங்கியது.

நமக்கும் இது புதிதில்லை. ஐ.ஐ.டி.க்களில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான ஓராண்டு ஆயத்தப் படிப்பு இருக்கிறது. நுழைவு மதிப்பெண்ணில் சற்றுக் குறைந்தவர் ஓராண்டு இயற்பியல், வேதியியல், கணிதம், ஆங்கிலம் படித்துத் தேறினால் அடுத்த ஆண்டு பி.டெக். இடம் உண்டு. தமிழ்நாட்டிலேயே ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கும், பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டுக்கும் நேரடியாகப் போகும் ஏணி பல காலமாக இருக்கிறது. அந்த ஏணியில் ஏறிப் பொறியாளரானவர்களை நம் ஊரிலேயே காட்ட முடியும். கலை அறிவியல் கல்லூரி மாணவருக்குத்தான் அப்படி ஓர் ஏணி இல்லை.

இப்போது சேர்ந்திருப்பவர் செய்ய வேண்டியது

கொள்கை மாறும் வரை ஒரு மாணவர் காத்திருக்க முடியாது. பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் இருக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் சில நேரடியான சொற்கள்.

படிப்பை இரண்டாண்டோடு விடாதீர்கள். ஆனால் இரண்டாண்டுத் திட்டம் போடுங்கள். ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்சி.யிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஒருங்கிணைந்த பிஎச்.டி.யிலும் சேர உதவும் ஜாம் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தில் ஏழு பகுதிகள் உண்டு. கணித முறைகள், இயந்திரவியலும் பொருளின் பொதுப் பண்புகளும், அலைவு-அலை-ஒளியியல், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், நவீன இயற்பியல், திண்மநிலையும் மின்னணுவியலும். ஏழில் நான்கையாவது நீங்கள் முதலிரண்டு ஆண்டிலேயே படித்துவிடுகிறீர்கள். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் நோட்டை மூடிவிடாமல் அந்தப் பகுதியின் பழைய ஜாம் கேள்விகளைப் போட்டுப் பாருங்கள்.

அலைடு கணிதத்தைத் துணைப்பாடமாக நினைக்காதீர்கள். உங்கள் எதிர்காலத்துக்கு அதுதான் முதன்மைப் பாடம். வகைக்கெழுச் சமன்பாடு, அணிகள், வெக்டர் கால்குலஸ், ஃபூரியர் தொடர் ஆகியவை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். கணிதத்தில் அரியர் வைத்துக்கொண்டு குவாண்டம் வகுப்பில் உட்காருவது நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்குவது போன்றது.

நாள்காட்டியைப் பாருங்கள். ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர்-அக்டோபர் வாக்கில். அதாவது மூன்றாம் ஆண்டு தொடங்கிய சில மாதங்களிலேயே விண்ணப்பிக்க வேண்டும், ஆறாவது செமஸ்டர் நடக்கும்போதே தேர்வு வந்துவிடும். மூன்றாம் ஆண்டில் யோசித்துக்கொள்ளலாம் என்றால் நேரம் போய்விட்டிருக்கும். சாதிச் சான்றிதழ், ஓ.பி.சி. பிரிவினருக்கு ஒன்றிய அரசின் படிவத்திலான சான்றிதழ் ஆகியவற்றை இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் முதுநிலைத் தேர்வு தனி.

தமிழ்வழியில் படித்தவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். உந்தம், நிலைமம், முடுக்கம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கிலப் பெயர் தெரியாததால் இயற்பியலே தெரியாது என்று உங்களை நம்ப வைத்துவிடுவார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு மொழிச் சொற்களையும் எதிரெதிரே எழுதிக்கொண்டே வாருங்கள். சாகாவுக்கு ஜெர்மன் எப்படியோ உங்களுக்கு ஆங்கிலம் அப்படி. அது ஒரு கருவி, உங்கள் அறிவை அளக்கும் கோல் இல்லை.

இடையிலேயே கல்லூரி மாற வேண்டிய நிலை வந்தால், ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுவதுதான் எளிது. வேறு பல்கலைக்கழகம் என்றால் பாடங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். விடுபட்ட தாள்களை எழுத வேண்டி வரலாம். டி.சி. வாங்கும் முன்பே புதிய இடத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். டி.சி. கையில், இடம் கையில் இல்லை என்ற நிலைக்கு ஒருபோதும் வந்துவிடாதீர்கள்.

நாம் கேட்க வேண்டியது

2023இல் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான மாதிரிப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மாணவர்கள் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதாகும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. தன்னாட்சி பறிபோகிறது என்று கல்லூரிகளும், அதிகாரம் இல்லை என்று ஆளுநரும் எதிர்த்தார்கள். அந்தச் சண்டையில் மாறப் போகும் மாணவர் யார் என்பதை யாரும் பேசவில்லை. நாம் பேச வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு எதிர்க்கிறது. எதிர்ப்பு சரி. ஆனால் வெளியேறும் வாசலை மூடுவதோடு நம் வேலை முடிவதில்லை. மாநில அரசிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை இருக்கின்றன.

முதலாவது, அரசுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளிலும் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பாலத் திட்டம். திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தொடங்கலாம். இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் தங்கிப் படிக்கும் கணித-இயற்பியல் முகாம், மூன்றாம் ஆண்டில் சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களின் ஆசிரியர்களோடு நேரடித் தொடர்பு, தேறியவருக்கு முதுகலையில் உறுதியான இடம். செலவு முழுவதும் அரசுடையது.

இரண்டாவது, இடையில் சேரும் இடங்கள் எங்கே உருவானாலும் அங்கே 69 விழுக்காடு இடஒதுக்கீடு. முதலாண்டு வாசலில் மட்டும் சமூகநீதியை நிறுத்திவிட்டு மூன்றாம் ஆண்டு வாசலைத் 'தகுதி'க்குத் திறந்துவைக்கும் தந்திரத்தை நாம் அனுமதிக்கக் கூடாது.

மூன்றாவது, மாணவர் மாறும்போது உதவித்தொகையும் கூடவே மாற வேண்டும். எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 2020 டிசம்பர் முடிவின்படி ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 விழுக்காடு ஏற்கின்றன. யார் பங்கு எவ்வளவு என்பது அவர்கள் கணக்கு. டி.சி. வாங்கிய மாதமும் விடுதிச் சாப்பாடு நிற்கக் கூடாது என்பது நம் கணக்கு.

நான்காவது, ஜாம், கியூட் முதுநிலை அறிவியல் தேர்வுகளில் தமிழில் வினாத்தாள். ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் நடத்த முடிகிறது. ஜாம் ஆங்கிலத்தில் மட்டும்தான் என்பதற்கு எந்த அறிவியல் காரணமும் இல்லை.

இயக்கத் தோழர்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. நம் தெருக்களில் இரவுப் பாடசாலைகள் நடத்துகிறோம். பத்தாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கிறோம். கல்லூரிக்குப் போனதும் பிள்ளையைக் கை கழுவிவிடுகிறோம். இயற்பியலோ கணிதமோ முதுகலை முடித்த ஓர் அக்காவோ அண்ணனோ சனிக்கிழமை மாலை இரண்டு மணிநேரம் கொடுத்தால், ஒரு வட்டாரத்தின் முதலாண்டு மாணவர்கள் அத்தனை பேருக்கும் அலைடு கணிதம் சொல்லித்தரலாம். அதற்கு அரசாணை வேண்டாம். ஒரு கரும்பலகை போதும்.

பாஞ்சாங்குளத்தில் கடை வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் கல்லூரி வாசலுக்கு வருவார்கள். அவர்களில் ஒருத்தி இயற்பியல் கேட்பாள். அவள் வரும்போது எந்தத் தாளை எந்தப் பருவத்தில் எடுக்க வேண்டும், அங்கிருந்து எங்கே போகலாம், யார் துணைக்கு வருவார்கள் என்று எழுதிய ஒரு தாளாவது நம் கையில் தயாராக இருக்க வேண்டும். இந்த ஜூன் மாதச் சேர்க்கையிலிருந்தே அதை எழுதத் தொடங்குவோம்.